திருவிழாக் கடையில் ஓவியம் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் என் வீடு. பதினோரு வருடமாகக் குமரி மாவட்டத்துத் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் என் ஓவியங்களை வைத்து வருகிறேன். ஸ்டாலுக்கு வரும் இளம் ஓவியர்களும், வரைகிற பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கூட்டத்துக்கு நடுவில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்டால் போடுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பலவும் வறண்ட ஊர்களுக்கானவை. நமக்கு ஜூன் முதல் ஒரு மழை, அக்டோபர் முதல் இன்னொரு மழை. கடற்கரையில் உப்புக் காற்று, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆளைத் தள்ளும் காற்று. இங்கே படம் வைப்பவர் வரையத் தொடங்கும்போதே இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

அக்கா, நான் சும்மா வீட்டுல இருந்து வரையுதவளாக்கும். எனக்கெல்லாம் ஸ்டால் போட முடியுமா?

தாராளமாக முடியும். ஓவியக் கல்லூரிச் சான்றிதழை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் நீங்களே பார்த்து, நீங்களே யோசித்து வரைந்த பத்துப் படமாவது கையில் இருக்க வேண்டும். செல்போனில் வந்த படத்தைப் பார்த்து எடுத்ததைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்கு வைக்காதீர்கள்.

முதல் தடவை தனியாக ஒரு ஸ்டால் எடுக்காமல், தெரிந்தவர் ஒருவரோடு பாதி பாதியாகப் பகிர்ந்து பாருங்கள். கோயில் திருவிழாக்கள் பலவற்றில் கடை போடும் இடம் ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவரிடம்தான் தரை வாடகை பேச வேண்டும். புத்தகத் திருவிழா, பொருட்காட்சி என்றால் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எதுவானாலும் முந்தைய வருடம் பார்வையாளராக ஒரு நாள் போய், எந்த ஓரத்தில் தண்ணீர் தேங்குகிறது, ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் ஒரு மாலை இருந்தாலே படத்தின் மேல் கரி படிந்துவிடும்.

எத்தனை படம் கொண்டு போகணும்? உள்ளதெல்லாம் கொண்டு போலாமா?

வேண்டாம். பத்துக்குப் பத்து அடி ஸ்டாலில் மூன்று பக்கச் சுவர் கிடைக்கும். அதில் பன்னிரண்டு முதல் பதினைந்து படம் போதும். படத்துக்குப் படம் ஒரு சாண் இடைவெளியாவது இருந்தால்தான் கண் ஒன்றில் நிற்கும்.

அவற்றில் குறைந்தது ஆறு புதியவையாகவும், ஒன்றோடொன்று சேர்ந்தவையாகவும் இருக்கட்டும். ஒரு வருடம் நான் தேரூர்க் குளத்தை மட்டுமே ஏழு படமாக வைத்தேன். காலையில், மழையில், தாமரை இலை நிறைந்த நாளில், தண்ணீர் வற்றிய நாளில். சுசீந்திரம் தேரூர் நீர்நிலை 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, நம்ம குளத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஏழும் ஒரே இடம் என்று புரிந்ததும் முதல் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார்கள். பதினைந்து விஷயத்தைப் பதினைந்து படமாக வைத்தால் இது நடக்காது.

திருவிழாவுக்கு எத்தனை நாளுக்கு முன்ன வரைய ஆரம்பிக்கணும்? ஆயிலா, அக்ரிலிக்கா எது நல்லது?

இரண்டும் ஒரே கேள்விதான், ஏனென்றால் காய்கிற நேரம்தான் நாளைத் தீர்மானிக்கிறது. அக்ரிலிக் மெல்லிய பூச்சாக இருந்தால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். கனமாக அப்பியிருந்தால் உள்ளே இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆயில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயவே சில நாள் முதல் இரண்டு வாரம் வரை போகும். கடைசி வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு ஆயில் படம் வைக்க நினைத்தால், சித்திரை வெயிலிலேயே வரைந்து முடித்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் தொடங்கினால் பிசுபிசுப்போடுதான் போகும்.

நான் எதை வரைந்தாலும் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தூரிகையைக் கழுவி வைத்துவிடுவேன். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாவது வருடம், முந்தின இரவு முடித்த இரண்டு அக்ரிலிக் படங்களைக் குமிழி பிளாஸ்டிக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். அன்றைக்கு நல்ல வெயில். பிரித்தபோது படத்திலிருந்த வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும், பிளாஸ்டிக்கில் ஒட்டும். அதனால் படத்தின் முகத்தில் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பருத்தித் துணி, அதற்கும் மேலேதான் பிளாஸ்டிக்.

மழை பெய்யும் நாளில் வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டு வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

கேன்வாஸ் தொளதொளன்னு தொங்குது, வாட்டர் கலர்ல புள்ளி புள்ளியா பூப்பு பிடிக்கு. என்ன செய்ய?

ஈரக் காற்றில் துணி தளரும், வெயில் வந்தால் இறுகும். சட்டத்தின் உள்மூலைகளில் சிறு மர ஆப்பு வைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். தளர்ந்தால் ஆப்பை லேசாகத் தட்டினால் போதும். அக்ரிலிக் பூசிய கேன்வாஸ் என்றால் பின்பக்கம் நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்து நிழலில் காயவிட்டாலும் ஓரளவு இறுகும். ஆணியும் கொக்கியும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். முட்டம், குளச்சல் மாதிரிக் கடலோர ஊர்களில் சாதா ஆணி ஒரே மழைக்காலத்தில் துணியில் துருக்கறை இறக்கிவிடும்.

தாள் ஓவியத்தில் கண்ணாடி நேராகத் தாளைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் தடித்த அட்டை வேண்டும். பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பூப்பு, அதாவது பூஞ்சணம், ஏற்கெனவே பிடித்திருந்தால் ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. முகக்கவசம் போட்டு, வெளியே காற்றில் வைத்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள்.

எல்லாரும் சூரிய உதயமும் வள்ளுவர் சிலையும்தான் கேக்காங்க. நானும் அதையேதான் வரையணுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சோர்வு இருக்கிறது, எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர் கன்னியாகுமரி என்றதும் அதைத்தான் கேட்பார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அவர் கண்ணில் கண்டது அது. வரையுங்கள், ஆனால் போய் நின்று பார்த்து வரையுங்கள். சிலை மொத்தம் 133 அடி. அதில் பீடம் 38, உருவம் 95. அதாவது பீடம் இரண்டு பங்கு என்றால் உருவம் ஐந்து பங்கு. நான் பார்க்கும் பத்துப் படத்தில் ஏழில் பீடம் குட்டையாக இருக்கிறது. இடுப்பில் ஒரு வளைவு உண்டு, அதை விட்டுவிட்டு நேராக ஒரு தூண் மாதிரி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

சூரியன் என்றாலும் எல்லாரும் காட்டும் ஆரஞ்சுப் பந்துதானா? சித்ரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் நிலா ஏறும். அந்த நேரத்தில் கடல் இரண்டு நிறமாக இருக்கும். அதை வரைய நான் மூன்று சித்திரை போனேன். முதல் இரண்டு முறையும் மேகம் மறைத்துவிட்டது.

அதே ஸ்டாலில் உங்கள் சொந்த இடமும் இருக்கட்டும். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் தூண்களுக்குக் கீழே விழும் நிழல், தோவாளைச் சந்தையில் விடியுமுன் குவியும் பிச்சிப்பூ, அறுப்பு முடிந்த நாஞ்சில் வயல். ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பது இவற்றின் முன்னால்தான். "இது எங்க சித்தி வீட்டுக்குப் போற வழில்லா" என்று ஒரு பாட்டி சொன்னால், அந்தப் படத்தில் நீங்கள் எதையோ சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சிலையை வரைஞ்சு வித்தா கேஸ் வருமா? பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்ப் படத்தைப் பாத்து வரையலாமா?

பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவிய சிற்பத்தை ஓவியமாக வரைவதும் வெளியிடுவதும் மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. வள்ளுவர் சிலையை நீங்கள் தாராளமாக வரையலாம். அதை வடித்த கணபதி ஸ்தபதியின் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதி வைப்பது நல்ல மரியாதை. இன்னொருவர் எடுத்த புகைப்படத்தை அப்படியே படியெடுப்பது வேறு விஷயம், அது கூடாது.

அரண்மனைச் சுவரோவியங்கள் பழையவை, அவற்றைப் பார்த்துப் பழகத் தடை இல்லை. கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடம், திங்கட்கிழமை விடுமுறை. அந்த மரபில் மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை என்று ஐந்தே வண்ணம். சிவப்பும் மஞ்சளும் செம்மண் கல்லிலிருந்து, கருப்பு விளக்குக் கரியிலிருந்து வந்தவை. நீங்கள் கேன்வாஸில் அக்ரிலிக்கால் செய்தால் "சுவரோவியப் பாணி, அக்ரிலிக்" என்றே எழுதுங்கள். மூலிகை வண்ணம் என்று சொல்லி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஸ்டால் கெட்ட எனக்குத் தெரியாது. காத்துல எல்லாம் பறந்திருமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. கம்பிவலைச் சட்டங்களை வாடகைக்கு எடுத்து, ப எழுத்து வடிவில் மூன்று பக்கமும் நிறுத்தி, மூலைகளில் ஒன்றோடொன்று கட்டுங்கள். பந்தல் கால் ஒவ்வொன்றுக்கும் 20 கிலோ மணல் சாக்கு ஒன்று. அரிசிச் சாக்கே போதும். பெயர்ப் பலகைக்குப் பெரிய ஃபிளெக்ஸ் கட்டாதீர்கள், காற்றடித்தால் அது பாய்மரம் மாதிரி மொத்தக் கூட்டையும் இழுக்கும். நான் இரண்டடித் துணியில் பெயர் எழுதித் தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு நாடா. கீழே கட்டாத படம் காற்றில் தட்டித் தட்டி மூலை உடையும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே, 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். சிறு படம் இரண்டு மூன்றைக் குழந்தைகள் கண்மட்டத்தில் வையுங்கள். அவர்கள் நின்றால் வீட்டுக்காரர் எல்லாரும் நிற்பார்கள். மேசையை வாசலில் குறுக்கே போட்டு அதன் பின்னால் உட்காராதீர்கள், உள்ளே வரத் தயங்குவார்கள். மேசை ஓரமாக, நீங்கள் அதற்கும் ஓரமாக.

மழைக்கு, தலைக்கு மேல் இருக்கும் பந்தலை நம்பவே வேண்டாம். சொந்தமாகத் தார்ப்பாய் ஒன்று, கயிறு, அடியில் வைக்க நாலு செங்கல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டியதே, அது சவேரியார் திருவிழா நாட்கள்தான். அதற்குப் பிறகு கார்த்திகையில் ஸ்டால் போட்டால் கண்ணாடி பிரேம் எதையும் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்தேன். வானிலை எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

ராத்திரிலதான கூட்டம் வருது. லைட்டுல என் படம் வேற மாதிரி தெரியுதே?

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டம் பகலில். ஆனால் அன்று இரவு நடக்கும் சப்தாவர்ண நிகழ்ச்சிக்கு வரும் கூட்டம்தான் கடைகளைச் சுற்றி நிதானமாக நடக்கும். மண்டைக்காட்டு மாசிக் கொடையிலும் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். ஆக, உங்கள் படத்தைப் பலர் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்தான்.

மஞ்சள் விளக்கில் நீலம் செத்துப் போகும், ஊதா சாம்பல் ஆகும். பக்கத்துக் கடையின் சீரியல் செட் வேறு சிவப்பும் பச்சையுமாக வந்து விழும். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும் கெல்வின் எண் 4000 அளவிலும், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேலும் உள்ள எல்.இ.டி. விளக்கு நாலு வாங்குங்கள். பெட்டியிலேயே இந்த எண்கள் போட்டிருக்கும். மேலிருந்து சாய்வாக அடித்தால் வார்னிஷ் பளபளப்பு கண்ணில் குத்தாது. நான் புதுப் படத்தை முடிக்கும் முன் அந்த விளக்கையே வீட்டில் போட்டு ஒரு இரவு பார்ப்பேன். பகலில் நன்றாக இருந்த நிழல் பகுதி இரவில் வெறும் கருப்பாகத் தெரிந்தால் மறுநாள் அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிடுவேன். கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பே முடிக்கச் சொன்னேனே, இதையும் சேர்த்துத்தான்.

விலை எப்படிப் போடணும்? வாய்க்கு வந்தத சொல்லுதேன், பெறகு வருத்தமா இருக்கு.

சதுர அங்குலக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக அங்குலத்துக்குப் பத்து ரூபாய் என்றால், 12-க்கு 16 படம் 192 சதுர அங்குலம், 1,920 ரூபாய். அதோடு பிரேம் செலவு. பெரிய படத்துக்கு அங்குல விலையைக் கொஞ்சம் குறைக்கலாம். முக்கியம், விலையை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். எழுதாத படத்தின் விலையைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், கேட்காமலே போய்விடுகிறார்கள்.

பாதி விலைக்குக் கேக்காங்களே, குடுத்திரலாமா?

குடுக்காதீர்கள். நேற்று முழு விலைக்கு வாங்கியவருக்கு அது துரோகம். பதிலாக, விலை குறைந்த சிறிய ஒன்றைக் காட்டுங்கள். உள்ளங்கை அளவு அசல் ஓவியங்கள் எப்போதும் குறைந்தது இருபது வைத்திருப்பேன். ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மூன்று நாள் வந்து ஒரே படத்தைப் பார்த்தான். அவனிடம் இருந்ததை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அதைப் பேரம் என்று நான் நினைக்கவில்லை.

பிரிண்ட் போட்டு விக்கலாமா? அசல்னு நெனச்சு வாங்கிட்டா?

விற்கலாம், ஆனால் அசல் ஒரு சுவரில், பிரிண்ட் தனிப் பெட்டியில். பின்னால் "அச்சுப் பிரதி" என்று எழுதி, எத்தனையில் எத்தனையாவது என்று எண் போடுங்கள். ஐம்பது என்று எழுதினால் ஐம்பதோடு நிறுத்துங்கள். ஏ3 அளவில் தெளிவாக வர 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் கோப்பு ஏறத்தாழ 3508-க்கு 4961 பிக்சல். நிழலில் வைத்து நேராக எடுத்த போட்டோவாக இருக்கட்டும்.

பணம் எல்லாம் ஜீபேலயா வாங்குதீங்க?

பெரும்பாலும். கூட்ட நேரத்தில் நெட்வொர்க் படுத்துவிடும் என்பதால் சில்லறையும் வைத்திருப்பேன். கியூ.ஆர். அட்டையைத் தினமும் காலையில் நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

என் படத்தை வாங்கினவரு அதைக் காலண்டர்ல போட்டுட்டாரு. அவருதானே வாங்கினாரு, கேக்க முடியுமா?

கேட்கலாம். படத்தை விற்றால் படம்தான் அவருடையது, பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அதை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை தொடரும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் பணம் கொடுத்து "என் அப்பாவை வரைந்து கொடுங்கள்" என்று சொல்லி நீங்கள் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான். ஸ்டாலில் இப்படி ஆர்டர் நிறைய வரும். அதன் பிரதியை நீங்கள் பின்னால் வெளியிட நினைத்தால், அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஜிஎஸ்டி எடுக்கணுமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. நமக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனால் அது வேறு மாநிலம், விதியும் மாறும். அங்கே ஸ்டால் பேசுவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். எங்கே விற்றாலும் படத்தின் பெயர், அளவு, வண்ணம், தேதி எழுதிய ரசீது கொடுங்கள்.

மூணு நாள் உக்காந்தேன், ஒண்ணுகூட விக்கல. அடுத்த வருசமும் போகணுமாக்கா?

ஒரு நோட்டு வைத்திருந்தீர்களா? எந்தப் படத்தின் முன் எத்தனை பேர் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் அன்றன்றைக்கு எழுதுவேன். எனக்கு விற்காத வருடங்கள் இருந்திருக்கின்றன. கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையான கரமடியை மீனவர்கள் இழுப்பதை நாலடி நீளத்தில் வரைந்து வைத்த வருடம் யாரும் வாங்கவில்லை. மீனவர் ஒருவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "மடி நடுவுலதான் கெடக்கும், கயிறு ரெண்டு பக்கமும் போகணும், ரெண்டு கூட்டமா நின்னு இழுப்போம். ஒரு பக்கம்தான் வரைஞ்சிருக்கியள்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரமே கடற்கரைக்குப் போய் விடியற்காலையில் நின்று பார்த்தேன். ஒரு கூட்டம் மெல்ல மெல்ல நகர்ந்து மற்ற கூட்டத்தை நெருங்குவதை அன்றுதான் கவனித்தேன். அதைப் புதிதாக வரைந்தேன்.

இடமும் நாளும் சரியில்லாமல் இருந்தால் மாற்றுங்கள். ஆனால் விற்கவில்லை என்பதற்காக ஸ்டாலை விடாதீர்கள். நீங்கள் வரைந்த கடலைக் கடலோடு பழகியவர் பார்த்துச் சொல்வதை வேறு எங்கே கேட்க முடியும்?

மிச்சம் வந்த படத்தையெல்லாம் வீட்டுல எங்க வைக்க?

கட்டிலுக்கு அடியில் வேண்டாம், பரணும் வேண்டாம். தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு பலகை போட்டு, முகத்தோடு முகம், முதுகோடு முதுகாக நிமிர்த்தி வையுங்கள். இடையில் அட்டை இருக்கட்டும். மேற்குச் சுவரில் ஆனி ஆடிச் சாரல் அடிக்கும், அதை ஒட்டி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பூப்பு முதலில் அங்கேதான் தெரியும், மேலே சொன்ன மாதிரி உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும்.